சர்வர் இரண்டு, சேமிப்பகம் ஒன்று

பாயான் லெப்பாஸில் மின்னஞ்சல் நின்றால் லாரியும் நின்றுவிடும். 1972இல் தொடங்கிய அந்தத் தடையற்ற வாணிப வட்டாரத்தின் பெரிய ஆலைகளை நம்பி, உதிரிபாகம் செய்பவர்கள், அட்டைப்பெட்டி கொடுப்பவர்கள், சரக்கு ஏற்றுபவர்கள் என்று பினாங்கில் எத்தனையோ சிறு நிறுவனங்கள் பிழைக்கின்றன. கொள்முதல் ஆணை, தேதி மாற்றம், விலைப்பட்டியல் எல்லாம் அவர்களுக்கு மின்னஞ்சலில்தான் வருகின்றன. அதனால்தான் முதலாளிகள் என்னைக் கூப்பிட்டதும் கேட்பது இது: “இன்னொரு சர்வர் போட்டுவிட்டால் பயமில்லைதானே, தம்பி?”

முதலில் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுவேன். உங்கள் சர்வர் அரை நாள் படுத்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் அஞ்சல் தொலைந்துபோவதில்லை. அனுப்பும் சர்வர் அதைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான விதிமுறை ஆவணமாக 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321, குறைந்தது நான்கைந்து நாள் முயலச் சொல்கிறது. இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அஞ்சல் வாங்கும் சர்வரைக் குறிக்கும் எம்எக்ஸ் வரிகள் ஒரே முன்னுரிமை எண்ணுடன் இரண்டு இருந்தால், ஒன்று பதில் தராதபோது மற்றதை அனுப்பும் சர்வரே தேடிப் போகும். உள்ளே வரும் அஞ்சலுக்கு, இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரே வேண்டாம். காக்க வேண்டியது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட அஞ்சல்பெட்டிகளை.

ஆனால் விற்க வருபவர் காட்டும் வரைபடம் வேறு மாதிரி இருக்கும். மேலே லோட் பேலன்சர், நடுவில் இரண்டு சர்வர், கீழே இரண்டுக்கும் பொதுவாக, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியே இணைந்த ஒரு சேமிப்பகம். மொட்டைமாடியில் ஒரே தொட்டி இருக்க, சமையலறையில் இரண்டாவது குழாய் போட்ட கதைதான். விலைப்பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் குழாய்க்குத்தான் பணம் போயிருக்கும்.

அந்தச் சேமிப்பகம் நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் விசித்திரம் தெரியும். என்எஃப்எஸ் வழக்கமாக ‘ஹார்ட்’ முறையில் இணைக்கப்பட்டிருக்கும். பதில் வரும்வரை கேட்ட நிரல் அப்படியே உறைந்து காத்திருக்கும். காத்திருக்கும் வேலைகளைக் காட்டும் சர்வரின் சுமை எண் நூறு, இருநூறு என்று ஏறும்; சிபியுவோ சும்மா இருக்கும். இடம் எவ்வளவு மீதம் என்று பார்க்க டிஎஃப் கட்டளை கொடுத்தால் அதுவும் திரும்பி வராது. இத்தனைக்கும் நடுவில், லோட் பேலன்சர், அஞ்சல் படிக்க வருபவர்கள் நுழையும் 993ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்க்கிறது. அஞ்சல்பெட்டிகளைத் திறந்து கொடுக்கும் மென்பொருளான டவ்காட் இணைப்பை ஏற்று வரவேற்பு வரியையும் அனுப்புகிறது, ஏனெனில் அந்தக் கட்டம்வரை அது அஞ்சல்பெட்டியைத் தொடவே இல்லை. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. அலுவலகத்தில் ஒருவராலும் ஒரு கடிதத்தைக்கூடத் திறக்க முடியாது.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் ‘சாஃப்ட்’ முறைக்கு மாற்றச் சொல்கிறார்கள். வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் பிழை என்று கைவிரித்துவிடும். கோப்பு கெட்டுப்போக அதுவே போதும். மாற்ற வேண்டியது சோதனையை. ஒரு சோதனைக் கணக்கில் உள்ளே நுழைந்து, இன்பாக்ஸைத் திறந்து, ஒரு கடிதத்தைப் படித்துப் பார்க்கும் சோதனைதான் சோதனை.

அடுத்தது ஒரே ஆள் இரண்டு சர்வரில் இருப்பது. கணக்காளரின் கைபேசி முதல் சர்வரிலும் மடிக்கணினி இரண்டாவது சர்வரிலும் விழுகின்றன என்று வையுங்கள். கடிதங்களைச் சேமிக்கும் மெயில்டிர் முறை என்எஃப்எஸ்ஸுக்குப் பாதுகாப்பானது என்று எல்லோரும் படித்திருப்பார்கள். உண்மைதான். டேனியல் பெர்ன்ஸ்டீன் 1990களில் தன் அஞ்சல் சர்வர் மென்பொருளான கியூமெயிலுக்காக அதை வடிவமைத்தபோதே, பூட்டு இல்லாமல் இயங்க வேண்டும் என்றுதான் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்தார். கடிதம் தொலையாது. ஆனால் டவ்காட் அதன் மேல் கடிதங்களின் பட்டியலைக் குறித்துவைக்கும் தன் சொந்த இண்டெக்ஸ் கோப்புகளை வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் என்எஃப்எஸ் இணைப்போ கோப்பின் விவரங்களை 3 முதல் 60 விநாடிவரை, கோப்புறையின் விவரங்களை 30 முதல் 60 விநாடிவரை தன் நினைவிலேயே வைத்திருக்கும். ஒரு சர்வர் மாற்றியது மற்றதற்கு உடனே தெரியாது.

விளைவு ஊழியரின் வாயில் இப்படி வரும்: அழித்த கடிதம் திரும்ப வந்துவிட்டது, படித்தது படிக்காததாகிவிட்டது, போனில் இருக்கிறது, கணினியில் இல்லை. பதிவேட்டில் இண்டெக்ஸ் கெட்டுவிட்டது என்ற வரி நாளுக்கு நாள் கூடும். கடித எண்களின் பட்டியலே கெட்டால், ஊழியரின் அஞ்சல் மென்பொருள் பழைய நகலை எல்லாம் தூக்கிப்போட்டு மொத்த அஞ்சல்பெட்டியையும் மறுபடி இறக்கத் தொடங்கும். திங்கள் காலை எட்டரை மணிக்கு இது நடந்தால் அலுவலக இணைய இணைப்பு என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

டவ்காட்டில் கோப்பை நினைவகத்தில் பதித்துப் படிக்கும் எம்மேப்பை அணைப்பது, ஒவ்வொரு எழுத்தையும் உடனே வட்டுக்குத் தள்ளுவது என்று என்எஃப்எஸ்ஸுக்கான அமைப்புகள் உண்டு. அவை வலியைக் குறைக்கும், நோயைத் தீர்க்கா. ஒரு பயனர் எந்தச் சாதனத்திலிருந்து வந்தாலும் ஒரே சர்வருக்குப் போக வேண்டும். வரும் ஐபியை வைத்துப் பிரிப்பது இதற்கு உதவாது: அலுவலகம் முழுவதும் ஒரே ஐபியில் வெளியே வருவதால் எல்லோரும் ஒரு சர்வரில் குவிவார்கள், அதே கணக்காளரின் போன் மொபைல் டேட்டாவில் வேறு சர்வருக்குப் போய்விடும். பயனர் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதற்கென்று இருந்த டைரக்டர் வசதி டவ்காட்டின் திறமூலப் பதிப்பில் 2.4இலிருந்து இல்லை, பழைய வழிகாட்டிகளை நம்பித் திட்டமிடுபவர்கள் கவனிக்கவும். முன்னால் இணைப்பை வாங்கிக் கைமாற்றும் ஒரு டவ்காட் ப்ராக்ஸியை வைத்து, எந்தப் பயனர் எந்தச் சர்வர் என்று ஒரு தரவுத்தள அட்டவணையில் எழுதிவிடுவது என் விருப்பம். அலங்காரமில்லை, ஆனால் இரவு இரண்டு மணிக்கும் புரியும்.

அஞ்சல் வந்து சேரும் வழியான எஸ்எம்டிபிக்கு முன்னாலும் லோட் பேலன்சரை வைத்தே தீருவேன் என்றால், வந்தவரின் உண்மையான முகவரியைக் கடத்தும் ப்ராக்ஸி புரோட்டோகாலை இரு பக்கமும் இயக்குங்கள், அஞ்சலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் 2.10இலிருந்தே அதை ஏற்கிறது. இல்லாவிட்டால் உலகத்தின் எல்லா இணைப்பும் லோட் பேலன்சரின் உள்முகவரியிலிருந்தே வருவதாகத் தெரியும். அனுப்பும் சர்வருக்கு அந்தப் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் கறுப்புப் பட்டியல் சோதனையும் பொருளற்றுப் போகும். அந்த உள்முகவரி, போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும் முகவரிகளான ‘மைநெட்வொர்க்ஸ்’ வரிசைக்குள் அடங்கிவிட்டாலோ, குப்பை அஞ்சல்காரர்களுக்கு நீங்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டீர்கள். அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்கள் கிடக்கும் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புறையை மட்டும் ஒருபோதும் பொதுச் சேமிப்பகத்தில் வைக்காதீர்கள். அந்தந்த சர்வரின் சொந்த வட்டில் இருக்கட்டும்.

பலர் கேட்காத கேள்வி ஒன்று: அந்தச் சேமிப்பகத்தை யார் யார் இணைக்கலாம்? சாதாரண என்எஃப்எஸ் அமைப்பு, ‘நான் இந்தப் பயனர்’ என்று வருபவர் சொன்னதை அப்படியே நம்பும். அனுமதிப் பட்டியலில் அலுவலக வலையமைப்பு முழுவதையும் எழுதி வைத்திருந்தால், கூட்ட அறையில் மடிக்கணினியைச் செருகுபவர் முதலாளியின் கடிதங்களைப் படிக்கலாம். சம்பளச் சீட்டும் அடையாள அட்டை நகலும் அங்கேதான் கிடக்கின்றன. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயம். இரண்டு சர்வர்களின் முகவரியை மட்டும் எழுதி, தனி வலையமைப்பில் பிரித்து வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஐம்பது பேர் அலுவலகத்துக்கு என்னைக் கேட்டால், ஒரே நல்ல சர்வர், வேறு கட்டடத்தில் காப்புப்பிரதி, அதிலிருந்து மீட்டுப் பார்த்த அனுபவம், இவை போதும் என்பேன். அதே பெட்டிக்குள் எடுக்கும் கணநேர நகலான ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்பிரதி என்று கணக்கில் சேர்க்க மாட்டேன். இல்லை, இரண்டு சர்வர்தான் வேண்டும் என்று வாங்கிவிட்டவர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் விற்றவரை வரவழைத்து, சேமிப்பகத்தின் கேபிளை அவர் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள். கண்காணிப்புத் திரை எத்தனை நிமிடத்தில் சிவப்பாகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.