ரிலேக்கு முதுகுப் பக்கம் தெரிந்த பழுது

சுங்கை சிப்புட்டில் மாலை இடி தொடங்கினால் ஒட்டுக்கடைப் பேச்சும் இடியைப் பற்றியதாகிவிடும். “மின்கோபுரத்துக் கம்பியில இடி விழுந்தா, எந்த இடம்னு ஆள் போகாமலே எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறாங்க?” என்றார் ஒரு பெரியவர். பால்மரம் சீவியவர்; நிரையில் எண்ணிய மரங்களை வைத்தே ஸ்டோர் எவ்வளவு தூரம் என்று சொல்வார்.

கம்பியில் பழுது வந்தால் கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவிதான் ரிலே. அதுவும் கிட்டத்தட்ட மரம்தான் எண்ணுகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எதிர்ப்பு கிடைக்கும். 400 கிலோவோல்ட் கம்பியில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.3 ஓம். 30 ஓம் என்றால் பழுது 100 கிலோமீட்டரில். 300 கிலோமீட்டர் கம்பிக்கு மொத்தம் 90 ஓம். அளவுப் பிழைக்கு இடம் விட்டு, உடனே துண்டிக்கும் எல்லையை 80 சதவீதத்தில், அதாவது 72 ஓமில் வைப்பார்கள்.

இந்த எதிர்ப்பு பெரும்பாலும் தூண்டல் வகை, அதாவது கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்தால் வருவது. நீண்ட கம்பி சுமக்கும் மின்சாரத்துக்குக் கடிவாளம் போடுவதும் அதுதான். மின்தேக்கியின் குணம் நேரெதிர். தொடராக இணைத்தால் எதிர்ப்பில் ஒரு பகுதி கழிந்துபோகும். ஸ்வீடனில் 1950லேயே 220 கிலோவோல்ட் கம்பியில் இதைச் செய்துவிட்டார்கள். புதுக் கம்பி இழுக்காமலே கூடுதல் மின்சாரம் போகும்.

ரிலேக்குத்தான் கணக்கு குழம்புகிறது. கம்பியின் தொடக்கத்தில் 45 ஓம் மின்தேக்கி இருக்கிறது என்று வையுங்கள். 390 கிலோமீட்டரில், அடுத்த கம்பியில் விழும் பழுதும் 117 கழித்தல் 45, அதே 72 ஓம்தான். அங்கே நடந்ததற்கு இங்கே துண்டிக்கும். 100 கிலோமீட்டரில் பழுது என்றால் 30 கழித்தல் 45: மைனஸ் 15. பழுது தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதாக ரிலே நினைத்துக்கொள்ளும்.

பெரியவர் சிரித்தார். “எதிர்ல நிக்கிறவன் பின்னால நிக்கிறதா சொல்லுதா?”

சரி, மின்தேக்கி போக மிஞ்சும் 45 ஓமில் 80 சதவீதம் என்று, எல்லையை 36 ஓமாகக் குறைத்தால்? அங்கேதான் வம்பு. மின்தேக்கி வெடிக்காமல் காக்க அதற்குக் குறுக்கே ஒரு வேரிஸ்டர் இருக்கும்; மின்னழுத்தம் எல்லை மீறினால் மட்டும் மின்சாரத்துக்கு வழிவிடும் கருவி அது. பழுது கிட்டே என்றால் பாயும் மின்னோட்டம் பெரிது. வேரிஸ்டர் அதைத் தன் வழியே திருப்பிவிடும், மின்தேக்கி கணக்கிலிருந்து பெரும்பாலும் விலகிவிடும். தூரப் பழுதில் அப்படியே நிற்கும். நடுவில் அரையும் குறையுமாக. மின்தேக்கி முழுதாக விலகினால் 36 ஓம் என்பது வெறும் 120 கிலோமீட்டர்தான்.

அதனால் இப்போது கம்பியின் இரு முனையிலும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பழுது உள்ளே. தூரக் கணக்கே வேண்டாம். அந்தச் செய்தி, கோபுர உச்சியில் ஓடும் இடிதாங்கிக் கம்பிக்குள் பொதிந்த கண்ணாடி இழையில் போகும்.

“அந்த இழை அறுந்தா?”

அப்போது பழைய தூர ரிலேதான் ஐயா, அந்த 36 ஓமோடு.