அத்தைக்கு ஏன் கர்ப்பப்பையை எடுத்தார்கள்?

“குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் இருந்திருக்கிறதா?” என்று கேட்பதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்டால், “அப்படியெல்லாம் யாருக்கும் இல்ல சார்” என்றுதான் பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. அப்பா ‘வயித்துவலி’யில் போயிருப்பார், பெரியப்பா ‘காமாலை’யில். ஆச்சிக்குக் ‘குடல்ல புண்ணு’. கேன்சர் என்ற வார்த்தையை அன்றைக்குப் பார்த்த டாக்டரே வீட்டாரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஐம்பது வயதுக்குள் இறந்தவர்கள் யார் யார்? வயிற்றில் ஆபரேஷன் நடந்தது யாருக்கு? எந்தெந்தப் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், எதற்காக?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் சில ஆண்கள் முறைப்பார்கள். குடலில் கட்டி என்று வந்தவனிடம் அத்தையின் கர்ப்பப்பையைப் பற்றி என்ன விசாரணை?

மதுரைப் பக்கம் வயிறு, குடல் அறுவை சிகிச்சை செய்பவன் நான். சில வருஷங்களுக்கு முன்பு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 37. லோடு வேன் ஓட்டுபவர். மூட்டை இறக்கினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 6.8. அதற்கு முன் எட்டு மாதமாக ‘ரத்தம் கம்மி’ என்று ஒரு இடத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்வரை ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். மாதவிடாய் இல்லாத ஒரு ஆணின் உடம்பிலிருந்து ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கொக்கிப்புழுவாகக்கூட இருக்கலாம்தான். ஆனால் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால்?

கொலனோஸ்கோப்பி செய்தோம். குடலை மருந்தால் கழுவிவிட்டு, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது அது. பெருங்குடலின் வலது பக்கத்தில், எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. வலது பக்கத்தில் குடல் அகலம், மலமும் தண்ணீராக இருக்கும். அதனால் அங்கே கட்டி வளர்ந்தாலும் சீக்கிரத்தில் அடைப்பு வராது. கசிகிற ரத்தம் மலத்தோடு கலந்து நிறம் தெரியாமலே போய்விடும். மூலம் என்று சந்தேகப்படக்கூட வழியில்லை.

கூட வந்திருந்தது அவருடைய அக்காவும் மனைவியும். ஓ.பி. சீட்டைத் திருப்பிப்போட்டு வம்சப் படம் வரைய ஆரம்பித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காதான் சொன்னார்: “அப்பா வயித்துல கட்டினு 44 வயசுல போயிட்டாரு சார். தாத்தாவும் அப்படித்தான், சின்ன வயசு.” அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள்? “ஒரே அத்தை. நல்லா இருக்காக. ரொம்ப வருஷத்துக்கு முந்தி பெரும்பாடுனு கர்ப்பப்பையை எடுத்தாக, அவ்வளவுதான்.” பெரும்பாடு என்றால் அளவுக்கு மீறிய மாதவிடாய்ப் போக்கு. எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினார்களா, ரிப்போர்ட்டில் என்ன வந்தது? யாருக்கும் தெரியவில்லை. அப்போது அதுவரை பேசாமல் நின்றிருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: “அவுக எங்கம்மா சார்.”

அத்தை மகளைக் கட்டியிருக்கிறார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அது ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்டிரட் வார்தின் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் ஒரு தையற்காரப் பெண் வருத்தப்பட்டுப் பேசினார். எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு, குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றார். அப்படியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913இல் எழுதினார். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960களில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச், குடிநோயாளி ஒருவரைப் பார்த்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டதற்கு, எப்படியும் குடும்பத்தில் எல்லோரையும்போலக் கேன்சரில்தான் சாகப்போகிறேன் என்றாராம். லிஞ்ச் வீடுவீடாகப் போய் வம்சப் படம் வரைந்தார். குடல் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதைப் பல வருஷம் யாரும் நம்பவில்லை. 1993இலும் 94இலும் மரபணுக்களையே கண்டுபிடித்த பிறகுதான் வாய் அடைத்தது. இன்று அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்றே பெயர்.

நம் ஊரில் இதே கதைக்கு ‘குடும்பச் சாபம்’ என்று பெயர். குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிவிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெட்டட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அப்படியே கொலனோஸ்கோப்பிக்கும் வந்தால் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் 300 கோடிக்கு மேற்பட்ட மரபணு எழுத்துகளை நகல் எடுக்கிறது. எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். அதைத் திருத்த எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றன. இவற்றுக்கான மரபணு ஒவ்வொன்றும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. லிஞ்ச் குடும்பத்தில் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. குடலிலோ கர்ப்பப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் இன்னொன்றும் கெட்டுப்போனால் அங்கே பிழைகள் மளமளவென்று சேரும். சாதாரணமாக ஒரு பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை மொட்டு, புற்றாக மாறப் பத்து வருஷம்போல ஆகும். இவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்திலேயே மாறிவிடலாம்.

இந்த நான்கு புரதங்களும் கட்டியில் இருக்கின்றனவா என்பதை, பயாப்ஸிக்கு எடுத்த அதே சதைத்துணுக்கில் சாயம் ஏற்றிப் பார்த்துவிடலாம். ஐ.எச்.சி. என்பார்கள். குடல் புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், வயது எதுவானாலும், இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017லேயே அப்படிச் சொல்லிவிட்டது. நம்மூரில் இன்னும் பல ரிப்போர்ட்டுகளில் அந்த வரியே இருக்காது. நீங்களோ உங்கள் வீட்டாரோ சிகிச்சையில் இருந்தால், “நாலு புரத டெஸ்ட் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

வேன் டிரைவரின் கட்டியில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எம்.எஸ்.எச்.2 பந்தல்கால் மாதிரி, எம்.எஸ்.எச்.6 அதில் படர்ந்த கொடி. கால் சாய்ந்தால் கொடியும் சேர்ந்து விழும். கொடி மட்டும் பட்டுப்போனால் கால் நிற்கும். இரண்டும் விழுந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் காலில்தான் கோளாறு. ரத்தத்தில் செய்த மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது. எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால் மட்டும் உடனே பரம்பரை என்று பயந்துவிடக் கூடாது. வயதானவர்களுக்கு அந்த மரபணு தானாகவே வாயடைத்துப் போவது உண்டு. அது பிள்ளைகளுக்குப் போகாது.

இப்போது அந்த அத்தை விஷயம். அப்பா, தாத்தா வழியாக வந்த பழுது அத்தைக்கும் இருந்தால், அவர் மகளுக்கு, அதாவது நோயாளியின் மனைவிக்கு, அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கணவன், மனைவி இருவரிடமும் அதே பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாகவே பிறக்கும். அது லிஞ்ச் சிண்ட்ரோம் அல்ல, வேறு நோய். உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் தெரியும். சின்ன வயதிலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் வரலாம். வேறு நாட்டுப் புத்தகங்களில் இது மிக அரிது என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொள்கிற நம் ஊரில் நான் அப்படி முடித்துவிட முடியாது. வழக்கமாக நோயாளியின் மனைவிக்கு இந்த டெஸ்ட் தேவையே இல்லை. இங்கே தேவை. இவர்களுக்கு ஒன்பதும் ஆறுமாக இரண்டு பிள்ளைகள்.

முதலில் அத்தையை அழைத்தோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே, “எடுத்துக்கங்க, சக்கரைக்கு மாசாமாசம் எடுக்குறாக, இதுக்கு என்ன” என்று கையை நீட்டினார். அவருக்குப் பழுது இருந்தது. பிறகு மகளுக்கு. ரிசல்ட் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். வந்தது: இல்லை. பிள்ளைகளுக்கு இரட்டைப் பழுது என்ற பேச்சே முடிந்தது. அப்பாவிடமிருந்து ஒற்றைப் பழுது வந்திருக்கலாம். அதை இப்போது பார்க்க மாட்டோம். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆபரேஷனிலும் மரபணு குறுக்கே வந்தது. இந்த வயதில் இந்தப் பழுது இருந்தால், மிச்சக் குடலில் பின்னால் இன்னொரு புற்று வரலாம். ஆகவே பெருங்குடலைப் பெரும்பகுதி எடுத்துவிடுவதா, கட்டி உள்ள வலது பக்கத்தை மட்டுமா என்று அவரோடு உட்கார்ந்து பேசினேன். பெரும்பகுதி எடுத்தால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போக வேண்டிவரும் என்றேன். “சார், நான் ராத்திரி ஒட்டன்சத்திரத்துல காய் ஏத்தினா விடியக் கேரளாவுல நிக்கணும். எங்கிட்டு நிப்பாட்டுவேன்?” வலது பக்கத்தை மட்டும் எடுத்தோம். பதிலுக்கு வருஷம் தவறாமல் கொலனோஸ்கோப்பிக்கு வருவதாகச் சம்மதித்தார். புத்தகத்தில் முதலில் எழுதியிருக்கும் விடை அதுவாக இருக்காது. ஆனால் அது அவருடைய குடல், அவருடைய ஸ்டியரிங்.

மருந்திலும் வித்தியாசம் உண்டு. இவ்வகைக் கட்டிகள் இரண்டாம் கட்டத்தில் இருந்தால் ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதில் பயனில்லை. முற்றிய நிலையிலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன. இதே வகை மலக்குடல் புற்று இருந்த 12 பேருக்கு நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்தபோது 12 பேருக்கும் கட்டி கரைந்துவிட்டதாக 2022இல் செய்தி வந்தது நினைவிருக்கலாம். “கேன்சருக்கு மருந்து வந்துருச்சாமே” என்று அப்போது எனக்கு வராத போன் இல்லை. எல்லாக் குடல் கேன்சருக்கும் அல்ல; இந்த நான்கு புரதங்களில் கோளாறு உள்ளவர்களுக்கு. விலையும் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடல் புற்றுநோய் வந்தவர்களில் லிஞ்ச் இருப்பது நூற்றுக்கு மூன்று பேர்போலத்தான். ஆனால் இள வயதில் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் 50 வயதுக்குள் நோய் வந்த 450 பேரைப் பார்த்தார்கள். 72 பேருக்கு ஏதோ ஒரு பரம்பரை மரபணுப் பழுது இருந்தது. அந்த 72 பேரில் மூன்றில் ஒரு பங்கினர், யாருக்கு மரபணு டெஸ்ட் என்று சொல்லும் வழக்கமான விதிகளை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். எஃப்.ஏ.பி. என்று இன்னொன்று உண்டு. ஏ.பி.சி. மரபணுக் கோளாறு. குடல் முழுக்க நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப், கம்பு விதைத்த மாதிரி. விட்டால் நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் புற்றாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே உள்ளே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

டிரைவரின் அக்காவுக்கு வருகிறேன். வயது 41, எந்தத் தொந்தரவும் இல்லை. அப்பா வழிப் பழுது அவருக்கும் இருந்தது. இதில் ஒரு நல்ல விஷயம்: குடும்பத்தில் ஒருவருக்குப் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் வெகுவாகக் குறையும். அதனால்தான் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். அக்காவுக்குக் கொலனோஸ்கோப்பி செய்தோம். ஒரு சென்டிமீட்டரில் ஒரு பாலிப். குழாய் வழியாகவே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு அனுப்பினோம். தம்பிக்கு அரையடித் தழும்பு, இவருக்கு ஒரு கீறலும் இல்லை.

இந்தப் பழுது உள்ள பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம், சினைப்பையிலும் ஆபத்து உண்டு. பிள்ளைப்பேறு முடிந்திருந்தால் நாற்பதை ஒட்டி இரண்டையும் எடுத்துவிடுவது பற்றிப் பேசுவோம். “அத்தைக்கு எடுத்த மாதிரியேவா?” என்றார். ஆமாம், ஆனால் நோய் வருவதற்கு முன்னால். அடுத்த வருஷம் செய்துகொண்டார்.

ஆஸ்பிரின் பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தின் ஜான் பர்ன் நடத்திய ஆய்வில், லிஞ்ச் உள்ள 861 பேர் பங்கேற்றார்கள். இரண்டு வருஷம் தினம் 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. ஆனால் வயிற்றுப் புண், ரத்தக்கசிவு இதெல்லாம் பார்த்துத்தான் கொடுக்க முடியும். கட்டுரையைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய் வாங்காதீர்கள்.

இந்த ரத்தப் பரிசோதனையைக் கடையில் சக்கரை பார்ப்பதுபோலப் பார்க்காமல், மரபியல் ஆலோசனையோடு செய்வது நல்லது. ‘மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை’ என்றும் ரிப்போர்ட் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மரபியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் பரம்பரைப் புற்றுநோய்க்கெனக் கிளினிக் உண்டு.

மிச்சம் இருந்தது ஒருவர்தான்: டிரைவரின் மச்சினன், அத்தையின் மகன். வயது முப்பது. அவருக்கும் பாதிக்குப் பாதி. இரண்டு முறை சொல்லி அனுப்பினேன், வரவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்ட் என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கும் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறான்.

டிரைவர் இப்போதும் வருஷா வருஷம் தைப் பொங்கல் முடிந்து வருகிறார், அக்காவையும் அழைத்துக்கொண்டு. இந்த வருஷம் அவர்கள் போன மறுவாரம் புது நம்பரிலிருந்து ஒரு போன். மச்சினன். கல்யாணம் முடிந்து நான்கு மாதம் ஆகிறதாம். வீட்டுக்காரம்மாவே எல்லாம் தெரிந்துகொண்டு பேசச் சொன்னாராம். ரத்தம் கொடுக்க என்றைக்கு வரலாம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“சார், அந்தக் குடல் கழுவுற மருந்து ரெண்டு லிட்டர்னு மச்சான் சொல்றாரு. உள்ளதுதானா?”