ஓடும்போது பிடிக்கும், நிற்கும்போது நழுவும் பிரேக்

மட்டக்களப்புக்கு வரும் பெற்றோலிலும் டீசலிலும் ஒரு பங்கு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கொலன்னாவை எண்ணெய்க் கிடங்கிலிருந்து ரயிலில் வருகிறது. கல்லோயாச் சந்தியில் திரும்பி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை என்று ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து வரும் அந்த எண்ணெய் ரயிலைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தீதான் நினைவுக்கு வரும். நியாயம்தான். ஆனால் அதைக் கையாளுகிறவர்கள் தீக்கு முன்னாலேயே யோசிக்கவேண்டிய ஒன்று உண்டு: இன்ஜினைக் கழற்றிய பிறகு அந்தத் தாங்கிகள், அதாவது எண்ணெய்ப் பெட்டிகள், நின்ற இடத்திலேயே நிற்குமா?

தட்டையான நம்ம ஊரில் நிற்காமல் எங்கே போகும் என்று கேட்கலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு, டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோ விசை இருந்தால் போதும், உருளத் தொடங்கியது உருண்டுகொண்டே இருக்கும். லொறி டயருக்கு இதைப்போல நாலைந்து மடங்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் 40 டன் தாங்கி ஒன்றுக்கு 80 கிலோ. 400 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவே அதைவிடக் கூடுதலாக இழுத்துவிடும், அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலித் தாங்கி என்றால் கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சரி, பிரேக் இருக்கிறதே? இருக்கிறது, அங்கேதான் விசயமே.

இலங்கை ரயில்களில் நெடுங்காலமாக இருப்பது வெற்றிட பிரேக். ரயில் முழுக்க ஒரு குழாய் ஓடும், பெட்டிக்குப் பெட்டி ரப்பர் குழாயால் இணைத்திருப்பார்கள். இன்ஜின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஓர் உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்கு மேலேயும் கீழேயும் காற்று இல்லாதவரை அது தன் எடையில் கீழே கிடக்கும், பிரேக் பிடிக்காது. சாரதி குழாய்க்குள் காற்றை விட்டால் அது பிஸ்டனுக்குக் கீழே மட்டும் நுழையும், மேலே போகவிடாமல் ஒரு சின்ன வால்வு தடுத்துவிடும். மேலே வெற்றிடம், கீழே காற்று. பிஸ்டன் எழும்பி பிரேக் கட்டைகளைச் சக்கரத்தில் அழுத்தும். இளநீரை ஸ்ட்ரோவால் உறிஞ்சும்போது அதை மேலே தள்ளுவது வெளிக்காற்றுத்தானே, அதே கதை. விசையும் கொஞ்சநஞ்சமில்லை. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில், வெற்றிடம் பாதரச அளவில் 50 சென்டிமீட்டர், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இருந்தால், பிஸ்டனை ஏறத்தாழ 1 டன் தள்ளும்.

இதன் அழகு, பழுதானால் பிடிக்கும் என்பது. 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் கொண்டுவந்த ரயில் மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதே, அதுபோன்ற நேரத்தில் பெட்டிகள் பிரிந்து குழாய் அறுந்தால் காற்று தானாகவே உள்ளே பாயும், இரண்டு துண்டுகளிலும் பிரேக் விழும். யாரும் எதையும் இழுக்கத் தேவையில்லை.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. 1889இல் அயர்லாந்தின் ஆர்மாவில் ஒரு சுற்றுலா ரயில் ஏற்றத்தில் ஏறமுடியாமல் நின்றுவிட்டது. பாதியைக் கழற்றி வைத்துவிட்டு முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அதில் இருந்ததும் வெற்றிட பிரேக்தான், ஆனால் பழைய வகை. அதில் வெற்றிடம் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும், குழாயைக் கழற்றினால் போய்விடும். பின்பாதியைப் பிடித்து நிறுத்த மிஞ்சியது கார்டின் கை பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும். இன்ஜின் கிளம்பும்போது கொஞ்சம் பின்வாங்கி இடித்தது, சக்கரங்கள் கற்களைத் தாண்டின, பெட்டிகள் சரிவில் ஓடிப் பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் பிள்ளைகள். அதே ஆண்டிலேயே பிரித்தானியாவில் பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

ஆனால் தானியங்கி பிரேக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பிஸ்டனுக்கு மேலே சிறைப்பட்ட வெற்றிடம் நிரந்தரமில்லை. ரப்பர் வளையம், மூட்டு, வால்வு என்று எங்கேயாவது காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் மேலும் கீழும் சமமாகிவிடும், பிஸ்டன் சத்தமில்லாமல் இறங்கும், பிரேக் விட்டுவிடும். அதாவது ஓடும் ரயிலைக் காப்பாற்றும் அதே பொறி, நிறுத்திவைத்த ரயிலை மெல்லக் கைவிடும். வெற்றிடத்துக்குப் பதிலாக இன்ஜின் அழுத்தித் தரும் காற்றால் இயங்கும் காற்றழுத்த பிரேக்கும் இப்படித்தான். 2013 ஜூலையில் கனடாவின் லாக்-மெகான்டிக்கில் 72 எண்ணெய்த் தாங்கிகளுடன் சரிவில் நிறுத்திவைத்த ரயிலின் இன்ஜினை, அதில் தீப்பிடித்ததால், அணைத்துவிட்டார்கள். காற்றை ஏற்றித் தர இன்ஜின் இல்லாமல், இருந்த காற்றும் கசிந்து தீர்ந்ததும் ரயில் தானாக உருண்டுபோய் ஊருக்குள் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் பலி. கை பிரேக் இன்ஜின்களையும் சேர்த்து 7 வண்டிகளுக்குத்தான் போட்டிருந்தார்கள், போட்டது போதுமா என்று சோதித்தபோதும் இன்ஜினின் தனி பிரேக்கைத் தளர்த்தவில்லை. அதனால் அந்தச் சோதனையில் ரயிலைப் பிடித்துக்கொண்டிருந்தது கை பிரேக் மட்டுமில்லை.

ஆகவே யார்டில் நம்பவேண்டியது கை பிரேக்கையும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் முட்டுக்கட்டையையும்தான். வரிசையும் முக்கியம்: கை பிரேக்கைப் போட்டு, கட்டை வைத்து, அப்புறம்தான் இன்ஜினைக் கழற்றவேண்டும். திரும்பப் பூட்டும்போது தலைகீழாக, கொக்கி மாட்டி, குழாயை இணைத்து, வெற்றிடம் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் கட்டையை எடுக்கவேண்டும். பெட்டிகளை இடம் மாற்றுகிறவர்கள் உருளையிலுள்ள விடுவிப்புக் கம்பியை இழுத்து பிரேக்கைத் தளர்த்துவதும் உண்டு. அப்படி இழுத்த பெட்டிக்கு, மறுபடி இன்ஜின் வெற்றிடம் ஏற்றித் தரும்வரை, காற்றால் இயங்கும் பிரேக் என்று ஒன்று இல்லவே இல்லை.

நிற்கிற பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து குறுக்குவழி போகிறவர்களை எந்த ஸ்டேஷன் பக்கம் போனாலும் பார்க்கலாம். அந்தக் கம்பியை இழுத்தாயிற்றா, கட்டை வைத்திருக்கிறதா, மறுமுனையில் இன்ஜின் வந்து பூட்டுகிறதா, இது ஒன்றும் அந்த இடைவெளியிலிருந்து தெரியாது.