சொல் விளக்கம்: ‘நோயாளி மையம்’ வேண்டாம், ‘உற்றவர்’ இருக்கிறார்

சேலத்தில் நாளிதழைப் புரட்டினால், ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை’ என்ற அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும். அதே ‘பராமரிப்பு’ மருத்துவத்துக்குள்ளும் நுழைந்து ‘நோயாளி மையக் குழுப் பராமரிப்பு’ ஆகியிருக்கிறது. ‘பேஷன்ட் சென்டர்டு டீம் கேர்’ என்ற ஆங்கிலத் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் போட்ட பெயர்ப்பு அது. படிப்பவர் மனத்தில் ஒட்டவே ஒட்டாது.

பொருள் எளிது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய் உள்ளவரை மருத்துவர் மட்டும் இரண்டு நிமிடம் பார்த்து அனுப்பிவிடாமல், செவிலியர், மருந்தாளுநர், வீட்டுக்கு வரும் தன்னார்வலர் என எல்லோரும் ஒரே திட்டப்படி கவனிக்க வேண்டும். அந்தத் திட்டத்தையும் அவருடைய அன்றாடத்தைக் கேட்டறிந்து, அவரோடு உட்கார்ந்தே வகுக்க வேண்டும். பிரிட்டனில் உளப்பகுப்பாய்வாளர் எனிட் பாலின்ட் 1969இல் இந்தக் கருத்தை எழுதினார். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் கழகம், ஒரு குழந்தையின் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும் இடத்துக்கு, 1967இலேயே ‘மெடிக்கல் ஹோம்’ (மருத்துவ இல்லம்) என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டிருந்தது. 2007இல் நான்கு மருத்துவர் அமைப்புகள் கூடி, இப்படிக் குழுவாகக் கவனிக்கும் ‘மெடிக்கல் ஹோமு’க்குப் பொதுக் கொள்கைகளை வகுத்தன. (நம் ‘மருத்துவமனை’யில் ‘மனை’ முன்பே இருக்கிறது.)

‘பேஷன்ட்’ லத்தீன் வழி வந்த சொல். பொறுத்துக்கொள்பவர், துன்பப்படுபவர் என்பது அதன் வேர்ப்பொருள். பொறுமைக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்தது. ‘டீம்’ பழைய ஆங்கிலத்தில் ஒரு குடிவழியையும், ஒன்றாக நுகத்தில் பூட்டிய மாடுகளையும் குறித்தது. ‘கேர்’ முதலில் கவலை, துயரம், பிறகுதான் கவனிப்பு.

தமிழில் ‘நோயாளி’ என்றால் நோயை உடையவர். பிழையான சொல் அல்ல. ஆனால் நோயைத் தவிர அவரிடம் வேறு எதையும் அது காட்டுவதில்லை. ‘மையம்’ இன்னும் சிக்கல். கணினி மையம், தேர்வு மையம் என்று பழகிய காதுக்கு ‘நோயாளி மையம்’ ஒரு கட்டடமாகவே கேட்கிறது. அதைவிட எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. நடுவில் ஒருவரை நிறுத்திச் சுற்றிலும் மற்றவர்கள் நின்றால், நடுவில் நிற்பவர் பார்க்கப்படுகிறாரே தவிர, பேசுவதில்லை.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகும் ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். காலை உணவுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ஆறு மணிக்கே வரக்காப்பியோடு விழுங்கிவிட்டுச் சரிவில் இறங்கிவிடுவார். தூக்குப்போசியைத் திறக்கப் பத்து மணி ஆகும். ஒன்பது மணிக்கெல்லாம் மலைக்குளிரிலும் வியர்த்துக் கை நடுங்கும். பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிட்டார். குறிப்பேட்டில் ‘மருந்து ஒழுங்காக உட்கொள்வதில்லை’ என்று ஏறிவிட்டது. மாத்திரை கொண்டுவரும் பெண்தான் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, “முதல் கவளம் எத்தனை மணிக்குப் பாட்டி?” என்று கேட்டார். பதில் மருத்துவருக்குப் போனது. மாத்திரை பத்து மணிச் சோற்றுக்கு முன் என்று மாறியது, நடுக்கமும் நின்றது.

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி வள்ளுவர் எப்போதோ எழுதிவிட்டார். ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்’ (949). நோயுற்றவரின் நிலை, நோயின் அளவு, காலம் மூன்றையும் எண்ணியே மருத்துவர் செயல்பட வேண்டும். ஆளுக்குப் பிறகுதான் பிணி. அடுத்த குறளைப் பாருங்கள்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அதைத் தவறாமல் கொடுத்து உடனிருப்பவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம். உற்றவர் நடுவில் நிற்கவில்லை; வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். ‘உறு’ என்ற வேருக்கு நேர்தல், நெருங்குதல் என்ற பொருள்கள் உண்டு. நோய் நேர்ந்தவரும் உற்றவர். நமக்கு நெருங்கியவரும் உற்றவர். உறவு, உற்றார் எல்லாம் அதே வேர்.

‘குழு’வுக்குப் பதில் ‘கூட்டு’ என்பேன். குழு என்றதும் விசாரணைக் குழுவும் தேர்வுக் குழுவும் நினைவுக்கு வருகின்றன. கூட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு. நோயாளியை ஆக்கிய அதே ‘ஆளி’ கூட்டாளியையும் ஆக்குகிறது. ‘பராமரிப்பு’ டிரான்ஸ்பார்மருக்கே இருக்கட்டும், மனிதருக்குப் ‘பேணல்’. பேணுதல் என்றால் காத்தலோடு மதித்தலும் சேரும். ‘நோய் பேணல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நோயை வளர்ப்பதாக ஆகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: ‘உற்றவரோடு கூட்டுப் பேணல்’. சுருக்கமாகக் ‘கூட்டுப் பேணல்’. இப்படித் தமிழிலேயே யோசித்து வைத்த பெயர் நிற்குமா என்ற ஐயம் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று, ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுகாதார நிலையச் சுவரில் எழுதுவதானால் இப்படி எழுதலாம்: ‘இங்கே கூட்டுப் பேணல் உண்டு. நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது வேலைக்குப் போகிறீர்கள் என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.’