வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பிய பிள்ளைக்குத் 'திமிர்' என்று பெயர் வைக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு தாய் தம் மகளை என் அறைக்கு அழைத்து வந்தார். நாற்காலியில் அமர்வதற்கு முன்பே, "மேடம், வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்ததிலிருந்து இவளுக்குத் திமிர் ஏறிடுச்சு. நீங்கதான் நல்ல புத்தி சொல்லணும்" என்றார். மகள் எதுவும் பேசாமல் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பதிவுபெற்ற ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு இந்தப் புகார் புதிதன்று. பல்கலைக்கழக மாணவர்கள் வெளிநாட்டுத் தொழிற்பயிற்சியை முடித்துத் திரும்பும் ஒவ்வொரு பருவத்திலும் இதைக் கேட்டு வருகிறேன்; இந்த ஆண்டில் மட்டும் இது ஐந்தாவது முறை. என் பொறுமை குறைந்துவிட்டதை மறைக்க விரும்பவில்லை. ஆறாவது பிள்ளை இதே பெயரோடு என் அறைக்கு வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்; தாய், மகள் இருவரின் ஒப்புதலும் பெற்றிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஒருவரின் வேலை, பெற்றோரின் சார்பில் பிள்ளையைக் கண்டிப்பது அன்று. ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் ஆலோசனை வழங்குபவர், அதாவது அறிவுரை சொல்பவர், என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பெரும்பாலும் கேட்கிறோம். அந்தப் பெண்ணிடமும் கேட்டேன்.

இருபத்திரண்டு வயது. பொறியியல் படிப்பில் இறுதியாண்டுக்கு முந்திய கட்டம். மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. திரும்பி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. தாயின் குற்றச்சாட்டுகள் நீளமானவை: காலையில் எழுவதில்லை, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை, எதைப் பேசினாலும் 'அங்கே' என்று தொடங்குகிறாள், கொண்டுவந்த பெரிய பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை. அந்தப் பெட்டி அறையின் நடுவில் கிடக்கிறது. வீட்டைப் பெருக்கும்போது தாய் அதைச் சுற்றிப் பெருக்குகிறார். அதைத் திறந்து துணிகளைத் துவைத்து வைக்கலாமா என்று எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வியும் வந்தது. வேண்டாம் என்றேன்.

மகளின் கைப்பேசித் திரையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன; மேலே இருந்தது மியூனிக் நேரம். மாலை ஆறு மணிக்கு வீட்டில் விளக்கேற்றும்போது அங்கே நண்பகல் பன்னிரண்டு. "இப்போ எல்லாரும் கேண்டீனுக்குப் போவாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அத்தனை மாதங்களும் அந்த மேசையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒரு சோதனைக் கருவியின் அளவீடுகளுக்கு அவளே பொறுப்பு. அவள் கையொப்பமிட்டால்தான் வேலை அடுத்த கட்டத்துக்குப் போகும். திரும்பி வந்த மறுவாரமே அவள் 'இதெல்லாம் உனக்கு எதுக்கு, போய்ச் சாப்பிடு' என்று சொல்லப்படும் கடைக்குட்டியாக ஆகிவிட்டாள்.

என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் தவறான கருத்து இங்கேதான் வருகிறது. 'சொந்த வீட்டுக்கு வருவதற்கு என்ன பழக்கம் வேண்டியிருக்கிறது?' என்று கேட்கிறார்கள். பிறந்து வளர்ந்த ஊர், பேசிய மொழி, அம்மா கையால் சாப்பாடு. இதில் தடுமாற என்ன இருக்கிறது, தடுமாறினால் அது நடிப்பு அல்லது திமிர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை. அந்நிய நாட்டுக்குப் போகும்போது எல்லாமே வேறாக இருக்கும் என்று மனம் முன்கூட்டியே தயாராகிறது. சிரமம் வந்தால் அது எதிர்பார்த்த சிரமம். அங்கே இருப்பவர்களும், பாவம், வெளிநாட்டுப் பிள்ளை, தெரியாமல் செய்கிறது என்று பொறுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது அந்தத் தயார்நிலையும் இல்லை, அந்தப் பொறுமையும் கிடைப்பதில்லை. எல்லாம் பழையபடியே இருக்கும் என்று பிள்ளை நம்புகிறது, பிள்ளை பழையபடியே இருக்கும் என்று வீடு நம்புகிறது. இரண்டு நம்பிக்கைகளும் ஒரே நாளில் உடையும்போது, குற்றம் யார்மீது என்று தேடுவதில்தான் முதல் சண்டை தொடங்குகிறது.

நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தங்கியிருந்த நார்வே நாட்டுக் கல்வியாளர்களை ஆராய்ந்த லைஸ்கார்ட், புதிய நாட்டில் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் எழுவதை 1955இல் 'யூ' வடிவ வளைவாக எழுதினார். 1963இல் கல்லாஹார்ன் தம்பதியர் அந்த வளைவை நீட்டி, நாடு திரும்பியபின் இரண்டாவது பள்ளம் ஒன்று இருப்பதாகக் காட்டினர். அதற்கு 'டபிள்யூ' வளைவு என்று பெயர். எல்லாரும் இந்தக் கோட்டின்படியே நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருப்பதால், என்னிடம் வருபவர்களுக்கு நான் இந்த வளைவை வரைந்து காட்டுவதில்லை. ஆனால் உங்கள் பிள்ளை முதலில் விழுந்த பிள்ளை அன்று என்பதை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறை அறிந்திருக்கிறது என்பதையாவது பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலையும் மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியிலிருந்து மலேசியாவுக்கு வருவது கிழக்கு நோக்கிய பயணம். மேற்கே போவதைவிட இதற்கு உடல் பழகுவது கடினம். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று வைத்தாலும் முதல் வாரம் முழுவதும் போய்விடும். பினாங்கில் காலை பத்து மணிக்கு எழுப்பும்போது அவள் உடலுக்கு அதிகாலை நான்கு மணி. அந்த முதல் வாரத்தில்தான் நாம் கோயில் பூஜை, மாமா வீட்டு விருந்து, அத்தை வீட்டுக் காப்பி என்று வரிசையாக வைத்து, பிள்ளை கண் அசந்தால் முகம் சுளிக்கிறோம்.

மூன்றாவது சந்திப்பில்தான் பெட்டியின் விஷயம் வெளிவந்தது. பாட்டி, அதாவது தாயின் தாய், மே மாதத்தில் இறந்துவிட்டார். மகளுக்குச் சொல்லவில்லை. 'அங்க தனியா இருக்கா, பரீட்சை மாதிரி நேரம், மனசு உடைஞ்சிடுவா' என்று குடும்பத்தார் கூடி முடிவெடுத்தார்கள். வீடியோ அழைப்பில் பாட்டி எங்கே என்று அவள் கேட்கும்போதெல்லாம், தூங்குகிறார், குளிக்கிறார், சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் காரில், பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது, தந்தை அவளிடம் சொன்னார். அந்தப் பெட்டிக்குள் பாட்டிக்காக அவள் முதல் மாத அலவன்ஸில் வாங்கிய கம்பளிச் சால்வை இருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் மின்விசிறிக் காற்றுக்கே நடுங்கும் பாட்டி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்துக்கு மாலை போட்டு, வீட்டில் இருந்தவர்கள் அழுது தீர்த்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. அவளுக்குப் பாட்டி இறந்தது அந்தப் பாலத்தின்மேல்தான். அவள் அழத் தொடங்கியபோது வீட்டில் அழுவதற்கு ஆள் இல்லை. 'பழசைக் கிளறாதே' என்றுதான் சொன்னார்கள். இதோடு, எந்த அழைப்பில் எது உண்மை, எது பொய் என்று பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை காலை ஏழு மணிக்குச் சிரித்த முகத்தோடு எழுந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த ஐந்து குடும்பங்களில் மூன்றில் இப்படி ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருந்தது: ஒரு மரணம், ஒரு அறுவைச் சிகிச்சை, ஒரு தந்தையின் வேலையிழப்பு. அன்பினால்தான் மறைக்கிறார்கள்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், மறைக்காதீர்கள். அங்கே தனியாகத் தாங்க மாட்டாள் என்று அஞ்சினால், அவளோடு தங்கியிருக்கும் தோழியையோ பயிற்சி மேற்பார்வையாளரையோ முதலில் அழைத்துப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். சடங்கை வீடியோ வழியாகக் காட்டுங்கள். அங்கிருந்தே ஒரு விளக்கேற்றச் சொல்லுங்கள். வீட்டாரோடு சேர்ந்து அழும் உரிமை தூரத்தில் இருப்பவர்களுக்கும் உண்டு.

எல்லாருடைய மௌனமும் ஒரே காரணத்தால் வருவதில்லை. பயிற்சி என்று அழைத்துச் சென்று, மாதக்கணக்கில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை மட்டுமே கொடுத்து, கடப்பிதழையும் வாங்கி வைத்துக்கொண்ட இடங்களிலிருந்து திரும்பிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்வார்கள். அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? ஆகவே மாணவர்களே, போவதற்கு முன் பயிற்சித் திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 என்னும் பரிமாற்ற வருகையாளர் விசாவில் பயிற்சிக்குச் செல்பவர்களுக்கு அதற்கென்றே டிஎஸ்-7002 என்னும் படிவம் இருக்கிறது; அதில் எழுதியிருப்பதற்கும் உங்களுக்குக் கொடுக்கப்படும் வேலைக்கும் தொடர்பில்லை என்றால் உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற அமைப்பிடம் உடனே முறையிடுங்கள். கடப்பிதழை யாரிடமும் பாதுகாப்புக்கென்று ஒப்படைக்காதீர்கள். போய் இறங்கியதும் அருகிலுள்ள மலேசியத் தூதரகத்தில் உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

திரும்புவதற்கு முந்திய இரண்டு வாரங்களைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழித்துவிடாதீர்கள். மேற்பார்வையாளரின் கடிதம், கையொப்பமிட்ட பயிற்சிக் குறிப்பேடு, சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கெஞ்சுவது வேதனையான வேலை. ஜெர்மனியிலிருந்து வருபவர்கள் முகவரிப் பதிவை நீக்கியதற்கான சான்றை வாங்கி, அதைக் கொண்டு தம் பெயரிலுள்ள ஒலிபரப்புக் கட்டணக் (வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் கட்டணம்) கணக்கையும் மூடிவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் மாதம் 18.36 யூரோ என்று கடிதம் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் பணியாற்றியவர்களிடம் முறையாக விடைபெற்று வாருங்கள். விடைபெறாமல் வந்தவர்களின் கைப்பேசியில்தான் அந்த இரண்டாவது கடிகாரம் நெடுநாள் ஓடுகிறது.

பெற்றோருக்கு இன்னும் சில. முதல் வாரத்தில் விருந்து வேண்டாம். 'எவ்வளவு சம்பாதிச்சே?' என்று கேட்கும் உறவினரை நீங்களே தடுத்து நிறுத்துங்கள். முழுநேர வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்றிருக்கும் நாட்டில், யூரோவில் வாங்கிய அலவன்ஸை ரிங்கிட்டாக்கி வியப்பவர்கள் அங்கே கொடுத்த அறை வாடகையைக் கழித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். 'துரைசாணி வந்துட்டா' என்ற கேலியை இன்றோடு நிறுத்துங்கள். 'அங்கே' என்று அவள் தொடங்கினால் ஒப்பிட்டுக் குறை சொல்கிறாள் என்று எண்ணாமல், அங்கே என்ன என்று கேளுங்கள். நீங்கள் கேட்கக் கேட்க அந்தச் சொல் தானாகவே குறையும். வீட்டில் அவளுக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மின்கட்டணமோ தம்பியின் கணக்குப் பாடமோ, அவள் முடிவெடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன் விசா, காப்புறுதி, குளிராடை என்று இரண்டு நாள் விளக்கக் கூட்டம் நடத்துகிறீர்கள். திரும்பியவர்களிடம் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை ஒப்படைக்கச் சொல்வதோடு கடமை முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு மணி நேரம் அவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அந்த ஒரு மணி நேரத்திலேயே பலருக்குக் கரைந்துவிடுவதை நேரில் கண்டிருக்கிறேன்.

பெரும்பாலோருக்கு இந்தத் தடுமாற்றம் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தணிந்துவிடும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் மனச்சோர்வு, உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நீடித்தால் காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கிலேயே மருத்துவரிடம் காட்டலாம். வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற ஒரு சொல் வந்தாலும் அன்றே உதவியை நாடுங்கள். சுகாதார அமைச்சின் மனநலத் தொலைபேசி எண் 15555. கோயிலுக்கு அழைத்துச் சென்று கண்ணேறு கழிக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். அதைச் செய்துவிட்டு மருத்துவரிடமும் வாருங்கள்.

அந்தப் பெண் நான்காவது சந்திப்புக்குத் தனியாகவே பேருந்தில் வந்தாள். பெட்டியைத் திறந்துவிட்டதாகவும், சால்வையை அம்மாவின் கட்டில்மேல் வைத்ததாகவும், அதைப் பார்த்துவிட்டு அம்மா அன்று இரவு சமைக்கவே இல்லை என்றும் சொன்னாள். மூன்று மாதங்கள் தம் தாயின் இறப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, கைப்பேசித் திரையைப் பார்த்துப் பாட்டி தூங்குகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த அம்மா. வரும் திங்கட்கிழமை மாலை ஐந்து மணியை அவருக்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.