பாறைக்கு ஏது இழை?

“படத்தின் அமைப்பை மேம்படுத்த, அமைப்புகளுக்குச் சென்று, அமைப்பு அடுக்கைச் சேர்க்கவும்.”

ஒகேனக்கல் படம் ஒன்றைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும் தமிழ்ப் பாடத்தில் வந்த வரி இது. முதல் அமைப்பு காம்போசிஷன் (படத்துக்குள் பொருள்கள் அமைந்திருக்கும் விதம்), இரண்டாவது செட்டிங்ஸ், மூன்றாவது டெக்ஸ்சர், அதாவது ஒரு பொருளின் வெளிப்பரப்பு சொரசொரப்பாகவோ வழவழப்பாகவோ இருக்கும் தன்மை. மூன்று தனித்தனிச் சொற்கள் தமிழுக்கு வந்ததும் ஒன்றாகிவிட்டன. பார்க்கிறவர் சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் அம்புக்குறி எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டெக்ஸ்சரின் வேர் லத்தீன். டெக்செரே என்றால் நெய்வது, டெக்ஸ்டூரா என்றால் நெசவு. டெக்ஸ்டைலும் டெக்ஸ்டும் அதே வயிற்றில் பிறந்தவை. நமக்கும் நூல் என்றால் இழையும் உண்டு, புத்தகமும் உண்டு. வேர்க்கதை இவ்வளவு போதும்.

இந்த வேரைப் பார்த்த கலைச்சொல் ஆக்குநர்கள் ‘இழையமைப்பு’ என்று வைத்தார்கள். ‘அமைப்பு’ என்று மொட்டையாக விடுவதைவிட இது எவ்வளவோ மேல். கைத்தறிச் சேலையைக் கிட்டத்தில் படமெடுத்தால் இழையமைப்பு என்பது பொருந்தவும் செய்யும். ஆனால் இயற்கைக் காட்சி எடுப்பவருக்குச் சேலையா முன்னால் கிடக்கிறது? ராயக்கோட்டை மலைப்பாறை, காய்ந்த ஏரியின் வெடிப்பு, புளியமரப் பட்டை, அறுவடை முடிந்த கேழ்வரகுத் தாள். இதில் எதை யார் நெய்தார்கள்? லத்தீன்காரன் தன் சொல்லுக்குள் வைத்த உவமையை நாமும் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘இழையமைப்பு’ என்று கேட்டதும் புதியவர் படத்தில் நூல் போன்ற கோடுகளைத் தேடுவார். பாறையில் இருப்பது பொரிப்பொரியான மேடு, அதன் பக்கத்தில் சின்ன நிழல். அது கண்ணில் படாமலே போய்விடும்.

‘நயம்’ ஆகாதா? வேளாண் பாடங்களில் மண் நயம் என்ற வழக்கு உண்டு. மணல், வண்டல், களி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும். அங்கே சரி. ‘பாறையின் நயம்’ என்றால் பாறையைப் பாராட்டுவது போல ஆகிவிடும். ‘சொரசொரப்பு’ பாதிக்குத்தான் உதவும். தண்ணீர் இழைத்த கல்லின் வழவழப்பும் டெக்ஸ்சர்தானே?

கைக்கெட்டும் சொல் ‘மேனி’. உடம்பு என்று மட்டுமா அதற்குப் பொருள்? மேனி மினுமினுக்கிறது, மேனி கறுத்துவிட்டது என்றால் வெளிப்பரப்பின் தோற்றத்தைத்தான் சொல்கிறோம். கல்லில் வடித்த சாமியையே திருமேனி என்கிறோம். ‘போட்டது போட்ட மேனிக்குக் கிடக்கு’ என்ற பேச்சில்கூட, இருக்கும் நிலை என்ற பொருள் இருக்கிறது. பாறைமேனி, பட்டைமேனி, சுவர்மேனி: சொல்லிப் பார்த்தால் வாயில் தடுக்கவில்லை.

மேனி என்று வைத்தால் வேலையும் புரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயலோரம் நிற்கும் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் வீரனின் வில் கல்லோடு கல்லாகிவிடும், எழுத்து அழிந்தது போலவே தெரியும். காலை 8 மணிக்குள்ளோ மாலை 4.30க்கு மேலோ வெயில் கல்லை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும்போது, ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் நிழல் கட்டும். மேனி என்பது அந்த நிழல்தான். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணாம்புக் கட்டியால் தேய்க்காதீர்கள், கல் கெடும். லென்ஸ் திறப்பை எஃப்8 முதல் எஃப்11 வரை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பாக எடுங்கள். ஒகேனக்கல்லில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு, ஷட்டரை அரை நொடி திறந்தால் தண்ணீர் பட்டாகி, பக்கத்துப் பாறையின் சொரசொரப்பு தூக்கித் தெரியும்.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் 2019 மே மாதம் டெக்ஸ்சர் என்றே ஒரு இழுவை (ஸ்லைடர்) வந்தது. நடுத்தர அளவு நுணுக்கங்களை மட்டும் தூக்கும். பாறைக்கு 20 முதல் 40 வரை போதும். அதற்குப் பதில் கிளாரிட்டி என்ற இன்னொரு இழுவையை ஏற்றினால் மலைவிளிம்பில் வெள்ளைக்கோடு கட்டும். அந்தக் கோட்டையும் சிலர் ‘அமைப்பு’ என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

குழப்பத்தின் உச்சம் இன்னொரு இடத்தில். பழைய காகிதம், காரை பெயர்ந்த சுவர் போன்ற வேறொரு படத்தை நம் படத்தின் மேல் அடுக்குவதற்கும் டெக்ஸ்சர் என்றே பெயர். காட்சியில் இருப்பது மேனி, மேலே போடுவது போர்வை. இந்த இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தது இங்கிலீஷின் வறுமை, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? ‘மேனிப் போர்வை’ என்றாலே செய்முறையும் கூட வந்துவிடும். போர்வை ஆளுக்கேற்ற அளவில் இருக்க வேண்டும்: 6000 பிக்சல் படத்துக்கு 1500 பிக்சல் சுவரை இழுத்துப் போர்த்தினால் வெறும் மங்கல்தான். போர்வையின் நிறத்தை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் வயலெல்லாம் செம்மண் சாயம் ஏறும். மேல்படத்தைக் கீழ்ப்படத்தோடு கலக்கும் முறைகளில் ஒன்றான ஓவர்லேயில், போர்வையின் நடுச்சாம்பல் எதையும் மாற்றாது. ஆகவே போர்வையின் சராசரியை நடுச்சாம்பலுக்குக் கொண்டுவராவிட்டால் படம் மொத்தமாக வெளுக்கும், அல்லது இருளும். முழுக்க வெளுத்துப்போன வானத்தில் ஓவர்லே ஒட்டவே ஒட்டாது. அங்கே படத்தை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறைதான் பிடிக்கும். சுவரில் வெளிச்சம் இடமிருந்தும் மலையில் வலமிருந்தும் விழுந்திருந்தால் மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். போர்வையைக் கண்ணாடிபோல் இடவலம் திருப்பிப் போடுங்கள். ஆள் முகத்திலும் ஓடும் தண்ணீரிலும் மாஸ்க் (மறைப்பு) போட்டுப் போர்வையை வழித்துவிடுங்கள்.

போர்வை எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் இடத்திலும் மொழிபெயர்ப்பாளர் சும்மா இருப்பதில்லை. ஒப்பேசிட்டியைக் குறைக்கச் சொல்ல ‘ஒளிபுகாத்தன்மையை 25 சதவீதமாகக் குறைக்கவும்’ என்று எழுதுகிறார். இல்லாத தன்மை ஒன்றைக் குறைப்பது எப்படி என்று வாசிப்பவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘போர்வை கால்வாசி தெரியட்டும்’ என்றால் பென்னாகரத்து ஸ்டுடியோவில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் சரியாக இழுத்து வைப்பான்.