கச்சான் இறங்கி வரும் பக்கம்: நல்ல விமானங்கள் ஏன் மலையில் மோதின?

ஜூன் பிறந்தால் திருகோணமலையில் கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் காய்ந்து விறைத்துவிடும். உதடு வெடிக்கும். மத்தியானம் கதவைத் திறந்தால் போறணை வாசலில் நிற்பதுபோல முகத்தில் அடிக்கும். "கச்சான் காத்து துவங்கிட்டுது" என்று சொல்லி யன்னலைச் சாத்துவோம். உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனாலும் விசயம் தெரிந்தவர்கள் சின்ன வள்ளத்தில் தூரம் போகமாட்டார்கள். "கரையைப் பார்த்து நம்பாதை தம்பி. காத்து தரையிலயிருந்து வருது. வெளியிலை போனாத்தான் அது தள்ளுறது தெரியும்" என்று ஒரு மீனவப் பெரியவர் ஒருமுறை சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பழுதில்லாமலே மலையில் மோதிய விமானங்களைப் பற்றி எதை வாசித்தாலும் எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வருகிறது.

நம்மை வறுக்கும் இதே காற்று, சில மணித்தியாலங்களுக்கு முன் மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள கினிகத்தேனையிலும் வட்டவளையிலும் குடை பிடித்தவரையும் நனைத்த காற்று. தென்மேல் பருவக்காற்று கொழும்புக் கரையில் 28 பாகையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரம் துளியாகாத காற்று ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை குளிரும். 600 மீற்றரில் மேகம் கட்டும்போது 22 பாகை. அதற்குமேல் நீராவி துளியாகும்போது வெப்பத்தை விடுவதால் குளிர்வது பாதியாகக் குறைகிறது. 2,000 மீற்றர் மலை உச்சியில் 15 பாகை. மழையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டி முடிந்தது. இனிக் கிழக்கே இறங்க வேண்டும். ஈரமில்லாத காற்று இறங்கும்போது கிலோமீற்றருக்கு முழு 10 பாகையும் சூடேறும். கடல்மட்டத்துக்கு வரும்போது 35 பாகை. புறப்பட்டதைவிட ஏழு பாகை கூட. மட்டக்களப்பில் இதுவே சில நாட்களில் கடல்காற்றையும் அமுக்கிவிட்டு 38 பாகை வரை போகும்.

இந்தக் கணக்கில் விமானிக்கு முக்கியமானது வெப்பநிலை இல்லை, 'இறங்கும்' என்ற சொல். மலையைத் தாண்டிய காற்று சும்மா சமதளமாகப் போவதில்லை. ஆற்றில் கிடக்கும் பெரிய கல்லைத் தாண்டிய நீர் பின்பக்கம் சரிந்து, மேலே துள்ளி, மறுபடி சரிவதுபோல, காற்றும் மலையின் பின்பக்கத்தில் அலை அலையாக விழுந்தெழும். நீரில் நுரை தெரியும். காற்றில் ஒன்றும் தெரியாது. வானம் நீலமாகவே இருக்கும்.

சரி, இறங்கும் காற்று எவ்வளவு மோசம்? பாரம் ஏற்றிய அந்தக் காலத்து விமானம் ஒன்று உயரத்தில் விநாடிக்கு 3 மீற்றர் ஏறும் என்று தாராளமாகக் கொடுப்போம். காற்று விநாடிக்கு 10 மீற்றர் வீதம் இறங்கினால், விமானி மூக்கைத் தூக்கி, இஞ்சினை முழு வேகத்தில் வைத்து, ஏறிக்கொண்டிருப்பதாகவே நினைக்கும்போதும் விமானம் விநாடிக்கு 7 மீற்றர் கீழே போய்க்கொண்டிருக்கும். உச்சிக்கு மேல் 500 மீற்றர் இடைவெளி வைத்திருந்தாலும் அது முடிய எழுபது விநாடி போதும்.

1942 ஏப்ரலில் திருகோணமலைக்காரர்களுக்கு விமானம் என்றால் வேறு பயம். 9ஆம் திகதி காலை ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றைக்கே 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதே மாதம் பர்மாவில் லாஷியோ வீழ்ந்து சீனாவுக்குப் போகும் தரைவழியும் அறுந்தது. பிறகு எரிபொருளும் குண்டும் அசாமிலிருந்து குன்மிங்குக்கு ஆகாயத்தால்தான் போக வேண்டியிருந்தது. குறுக்கே இமயமலையின் கிழக்குக் கிளைகள். அமெரிக்க விமானிகள் அந்தப் பாதைக்கு வைத்த பெயர் நம் மொழியில் சொன்னால் 'திமில்'.

ஏறத்தாழ 800 கிலோமீற்றர்தான் தூரம். போர் முடிவதற்குள் அந்தத் திமில் ஏறத்தாழ 600 விமானங்களையும் 1,600க்கு மேற்பட்ட ஆட்களையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் மலையில் மோதியவை அல்ல. இறக்கையில் பனி உறைந்தவை, இஞ்சின் நின்றவை, எதிரியால் வீழ்ந்தவை, எரிபொருள் தீர்ந்தவை என்று பலவகை. ஆனால் மலை எல்லாவற்றிலும் பங்கு கேட்டது. அங்கே மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன, குளிர்காலக் காற்று மேற்கிலிருந்து மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேலும் அடிக்கும். சுமையோடு கிழக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். விமானம் உச்சியைத் தாண்டிய பிறகுதான் இறங்கும் காற்றுக்குள் விழும், கீழே பள்ளத்தாக்கு இருக்கும். வெறுமையாகத் திரும்பும்போது கதை மாறுகிறது. எதிர்க்காற்று. உச்சியை அடைவதற்கு முன்பே இறங்கும் காற்று வந்துவிடும். போதாக்குறைக்கு எதிர்க்காற்றால் தரைமேல் வேகமும் குறைவு. ஆகவே அந்தக் குழியிலிருந்து வெளியேற அதிக நேரம் எடுக்கும். 'பாரமில்லை, இனிப் பயமில்லை' என்று தோன்றும் பயணம்தான் மலைக்கு வசதியான பயணம்.

இங்கே ஒரு வேடிக்கை. இஞ்சின் பழுதானவர்களுக்குச் சிலவேளை அதிர்ஷ்டம் இருந்தது. 1943 ஆகஸ்டில் எரிக் செவரைட் என்ற வானொலிச் செய்தியாளர் போன விமானத்தின் இஞ்சின் ஒன்று நாகா மலைகளுக்கு மேல் கைவிட்டது. எல்லோரும் பரசூட்டில் குதித்தார்கள். 21 பேரில் 20 பேர் தப்பினார்கள். பழுது வந்தால் தெரியும், தெரிந்தால் குதிக்கலாம். ஒரு பழுதும் இல்லாத விமானத்திலிருந்து யார் குதிப்பார்?

அந்தப் பழுதில்லாத விமானத்தில் ஏமாற்றுவது பெரும்பாலும் உயரத்தைக் காட்டும் முள்ளுத்தான். நுவரெலியாவிலிருந்து திருகோணமலைக்கு பஸ்ஸில் வரும்போது ஒருமுறை தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடித்து மூடி, பைக்குள் போட்டேன். கண்டி தாண்டும்போது அது 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. தம்பலகாமம் வரும்போது யாரோ கையால் நெரித்ததுபோலப் பக்கம் ஒட்டிக் கிடந்தது. (ஏறும்போது இதற்கு நேர்மாறு: பிஸ்கட் பக்கற் பலூன் மாதிரி ஊதும்.) 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். அந்த மெல்லிய காற்றை மூடிக் கொண்டுவந்தால் கீழேயுள்ள கனத்த காற்று போத்தலை நெரிக்கும்.

உயரமானி என்பது அந்தப் போத்தலேதான். காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று. வெளி அமுக்கம் குறைந்தால் விரியும், கூடினால் ஒடுங்கும். அதன் அசைவைப் பற்சில்லுகள் பெரிதாக்கி முள்ளைச் சுற்றும். முள்ளுக்கு மலையும் தெரியாது, தரையும் தெரியாது. தனக்கு மேலே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதை வைத்து, "அப்படியானால் நாம் இந்த உயரத்தில் இருக்க வேண்டும்" என்று ஊகிக்கிறது.

கடல்மட்டத்துக்குக் கிட்ட அமுக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) மாற்றம் ஏறத்தாழ 8 மீற்றர் உயரத்துக்குச் சமம். திருகோணமலையில் அமுக்கம் கடிகாரம் மாதிரி. காலை பத்து மணியளவில் கூடும், பின்னேரம் நாலு மணியளவில் குறையும், வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கலளவு. அதாவது நிறுத்தி வைத்த விமானத்தின் முள் தினமும் ஒரு பனைமர உயரம் ஏறி இறங்கும். இது பெரிய விசயமில்லை. ஆனால் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒரே நாளில் 25 ஹெக்டோபாஸ்கல் விழலாம். காலையில் முள்ளைச் சரிசெய்து கிளம்பிய விமானி திரும்பி வரும்போது, முள் காட்டுவதைவிட 200 மீற்றர் கீழே இருப்பார். அவர் தாண்ட வேண்டிய குன்று 400 மீற்றர் என்றால், 500 காட்டும் முள்ளை நம்பி நேரே குன்றுக்குள் போவார். நம் ஊரில் புயல் மையம் வந்து அமுக்கம் 50 ஹெக்டோபாஸ்கல் சரிந்தால், சீனன்குடாவில் கட்டி வைத்த விமானமே தான் 400 மீற்றர் உயரத்தில் பறப்பதாகச் சொல்லும்!

குளிரும் இதே பொய்யைச் சொல்லும். குளிர்ந்த காற்று ஒடுங்கிக் கிடக்கும். எதிர்பார்த்ததைவிட 10 பாகை குளிரென்றால் 3,000 மீற்றர் காட்டும் விமானம் உண்மையில் 120 மீற்றரளவு கீழே இருக்கும். பலத்த காற்று மலை உச்சியில் நெருக்கி ஓடும்போது அங்கே அமுக்கம் இன்னும் குறையும். ஆக, காற்று விமானத்தைக் கீழே அமுக்கும் அதே இடத்தில் முள் "மேலேதான் நிற்கிறாய்" என்று ஆறுதல் சொல்லும். இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதுதான் அநியாயம்.

சமாதான காலத்தில் இதற்கு மருந்து சுலபம்: போகுமிடத்து அமுக்கத்தைத் தளத்திடம் கேட்டு முள்ளைத் திருத்து. போர்க்காலத்தில் வானிலை இராணுவ இரகசியம். விமானங்களும் வாய் திறக்கக் கூடாது, எதிரி கேட்பான். வழிகாட்டியாக இருந்ததும் கணக்குத்தான்: இந்தத் திசையில், இந்த வேகத்தில், இவ்வளவு நேரம் பறந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம். சீனன்குடாவில் தளம் வைத்திருந்த டச்சுக்காரரின் 321ஆம் அணி ஓட்டிய கற்றலினா கடல் விமானம் மணிக்கு 200 கிலோமீற்றரளவில் போகும். பத்து மணித்தியாலத்தில் 2,000 கிலோமீற்றர். பக்கக் காற்றைத் தப்பாகக் கணித்து 5 பாகை விலகினால் போய்ச் சேரும் இடம் 175 கிலோமீற்றர் பிசகும். கடலுக்கு மேல் என்றால் மன்னிப்பு உண்டு. மேகத்துக்குப் பின்னால் மலை நின்றால் இல்லை.

1942 ஆகஸ்ட் 25இல் பிரித்தானிய மன்னரின் தம்பி, கென்ட் கோமகன் ஜோர்ஜ் போன சந்தர்லாண்ட் கடல் விமானம் ஸ்கொட்லாந்தில் கேத்னெஸ் பகுதிக் குன்றில் மோதியது. ஐஸ்லாந்துக்குக் கடலோரமாகப் போக வேண்டிய விமானம் மேகத்துக்குள் தரைப்பக்கம் திரும்பி இறங்கியிருந்தது. அதுவும் அப்படியொன்றும் உயர்ந்த மலை இல்லை. 15 பேரில் பின்பக்கத் துப்பாக்கிக்காரர் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

கடைசி நேரத்தில் மலையைக் கண்டுவிட்டால் திரும்பலாமே? அங்கேயும் மெல்லிய காற்று காலை வாரும். 3,000 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு. இறக்கை அதே பாரத்தைத் தாங்க விமானம் 16 வீதம் வேகமாக ஓட வேண்டும். திரும்பும் வட்டத்தின் ஆரை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆகவே அது 35 வீதம் பெருக்கும். ராம்பொடை வளைவில் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாகத்தான் பஸ்ஸைத் திருப்பலாம், அதற்கும் பிறேக் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். அகலமாக இருந்த பள்ளத்தாக்கு போகப்போக ஒடுங்கும். திரும்ப இடமில்லை என்று தெரியும்போது ஏறவும் சக்தி இருக்காது.

இதெல்லாம் போரோடு முடியவில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்புக்கு இறங்க வந்த ஜெட் விமானம், தான் எங்கே இருக்கிறது என்பதைப் பிழையாக எடுத்து நம் மலைநாட்டு ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவின் வேர்ஜினியாவிலும் ஒரு ஜெட் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். இரண்டிலும் விமானம் பறக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது. வேர்ஜினியா விபத்துக்குப் பிறகுதான் தரை கிட்டுவதைச் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா பயணிகள் ஜெட்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்தக் கருவி அமுக்கத்தை மட்டும் நம்புவதில்லை. வானொலி அலையைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஆனால் அது நேர் கீழே மட்டும் பார்த்தது, முன்னால் செங்குத்தாக நிற்கும் பாறை அதற்குத் தெரியவில்லை. அதற்காக உலகத்து மலைகளின் வரைபடத்தையே கருவிக்குள் ஏற்றியது 1990களில்.

சீனன்குடாவில் இப்போது விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்கு மேல் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதைக் கிண்ணியாப் பக்கமிருந்து பார்க்கலாம். கிளம்பும் முன் கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்த நேரத்து அமுக்கத்தைச் சொல்லும். மாணவ விமானி உயரமானியின் சின்னத் திருகியைத் திருப்பி அந்த எண்ணை வைப்பார். ஓடுபாதை கடல்மட்டத்துக்கு ஓரிரு மீற்றர் மேலேதான். முள் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இஞ்சினை முறுக்குவார்கள்.